மருத்துவ சுகாதார உளவியலாளராவது எப்படி: கொழும்பிலிருந்து தொடங்குபவருக்கான படிமுறை வழிகாட்டி

கொழும்பில் உளவியல் படிக்க விரும்பும் தமிழ் மாணவர்கள் என்னிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் "எங்கே சேரலாம்?" என்பதுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. அவற்றைப் பின்னுக்குத் தள்ளியதால் நான்கைந்து ஆண்டுகளையும் பெற்றோரின் சேமிப்பையும் இழந்தவர்களை நேரில் அறிவேன். ஆகவே, எந்தப் படியை எதற்கு முன்னால் எடுக்க வேண்டும் என்பதையும் அதன் காரணத்தையும் இங்கே எழுதுகிறேன்.

வேலை என்னவென்று ஒரு தடவை தெளிவாக்கிக்கொள்வோம். உடல்நோயோடு வாழும் ஒருவரின் மனநிலையும் பழக்கங்களும் குடும்பச் சூழலும் அந்த நோயின் போக்கை மாற்றுகின்றன. அந்த இடத்தில் வேலை செய்பவரே மருத்துவ சுகாதார உளவியலாளர். "இன்சுலின் ஊசி போடத் தொடங்கினால் கடைசிக் கட்டம்" என்று நம்பி ஊசியை மறுக்கும் சீனி வருத்தக்காரர், இரத்தச் சுத்திகரிப்புக்கு வருவதை இடையில் நிறுத்திவிடும் சிறுநீரக நோயாளர், மருந்து ஏறுவதற்கு முன்பே வைத்தியசாலையின் மணம் பட்டதும் வாந்தியெடுக்கும் புற்றுநோயாளர், பரிசோதனைகளில் எதுவும் தெரியாத நீண்டநாள் முதுகுவலியோடு வருபவர் ஆகியோர் இவரிடம் வருகிறார்கள்.

1. கடைசிப் படியிலிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள்

முதலில் தீர்மானிக்க வேண்டியது நீங்கள் எந்த நாட்டில், எந்தப் பதிவேட்டில் பெயர் பதியப் போகிறீர்கள் என்பதாகும். பட்டம் தருவது பல்கலைக்கழகம். நோயாளரைப் பார்க்கும் அனுமதியைத் தருவது பதிவு அமைப்பு. இரண்டையும் ஒன்றென நினைப்பதே புதியவர்கள் செய்யும் ஆகப் பெரிய பிழை.

இலங்கையில் மருத்துவ உளவியலாளர்களைப் பதிவு செய்வது இலங்கை மருத்துவச் சபை. அந்தப் பதிவு மருத்துவ உளவியலுக்கே உரியது. ஆகவே இலங்கையில் வேலை செய்ய நினைப்பவர் மருத்துவ உளவியலாளராகப் பதிவு பெற்று, அதன் மேல் சுகாதார உளவியலில் தேர்ச்சியைக் கட்டியெழுப்புவதே நடைமுறைக்கு உகந்த பாதை.

வெளிநாடுகளில் ஒழுங்கு வேறு. பிரித்தானியாவில் "மருத்துவ உளவியலாளர்", "சுகாதார உளவியலாளர்" ஆகிய இரண்டும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட தனித்தனிப் பெயர்கள். ஒன்றுக்கான பயிற்சி மற்றதற்கு ஈடாகாது. அங்கே சுகாதார உளவியல் முதுமாணி என்பது முதற்கட்டம் மட்டுமே. மேற்பார்வையுடன் கூடிய இரண்டாம் கட்டத்தை முடித்த பின்னரே அந்தப் பெயரைப் பயன்படுத்தலாம். அவுஸ்திரேலியாவில் குறைந்தது ஆறு ஆண்டுப் படிப்பும் பயிற்சியும் தேவை. தேசிய உளவியல் சபை அங்கீகரிக்கும் ஒன்பது சிறப்புத் துறைகளில் சுகாதார உளவியலும் ஒன்று. அமெரிக்காவில் கலாநிதிப் பட்டம், ஓராண்டு முழுநேர உள்ளகப் பயிற்சி, உரிமப் பரீட்சை என்ற வரிசை இருக்கிறது. இந்தியாவில் மருத்துவ உளவியலாளர் பதிவு இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் கையில் இருப்பதால், அந்தக் கழகம் அங்கீகரித்த கற்கைநெறி மட்டுமே பதிவுக்குச் செல்லும்.

ஒரு தாளை எடுத்து மேலே பதிவு அமைப்பின் பெயரை எழுதுங்கள். அதன் கீழே அது கேட்கும் முதுநிலைத் தகைமை, அதன் கீழே அந்த முதுநிலை கேட்கும் இளமாணி, அதன் கீழே அந்த இளமாணி கேட்கும் உயர்தரப் பெறுபேறு என இறங்கி வாருங்கள். இடையில் ஒரு வரி வெறுமையாக இருந்தால், அந்த வரி நிரம்பும்வரை எந்த நிறுவனத்துக்கும் பணம் கட்டாதீர்கள். வெள்ளவத்தையிலிருந்து என்னைப் பார்க்க வந்த ஒரு மாணவி, மூன்றரை ஆண்டுகள் ஒரு தனியார் நிறுவனத்தில் படித்து முடித்த பின்னர், தன் பட்டத்தில் ஆய்வுக் கட்டுரை இல்லாததால் முதுநிலைக்கு விண்ணப்பிக்கவே முடியாது என்று அறிந்தார். கற்கைநெறிக் கையேட்டின் ஒரு பக்கத்தைச் சேரும் நாளில் வாசித்திருந்தால் அவருக்கு அது அன்றே தெரிந்திருக்கும்.

2. பெயர்களின் எல்லையைத் தெரிந்துகொள்ளுங்கள்

மனநல வைத்தியர் மருத்துவப் பட்டம் பெற்றவர். மருந்து எழுதுவது அவரே. மருத்துவ உளவியலாளர் மதிப்பீடும் உளச்சிகிச்சையும் செய்பவர். உளவளத்துணையாளர் வாழ்க்கைச் சிக்கல்களில் துணைநிற்பவர். அந்தப் பணி மதிப்புக்குரியது, ஆனால் குறுங்கால டிப்ளோமா ஒன்றோடு அதைத் தொடங்கி, பின்னர் பெயர்ப்பலகையில் "உளவியலாளர்" என்று போட்டுக்கொள்வது நோயாளருக்குத் தீங்கானது. உங்கள் தகைமை எதுவோ அந்தப் பெயரை மட்டும் பயன்படுத்தும் பழக்கத்தை மாணவப் பருவத்திலேயே தொடங்குங்கள்.

3. உயர்தரமும் இளமாணியும்

நமது க.பொ.த. உயர்தரப் பாடத்திட்டத்தில் உளவியல் தனிப்பாடமாக இல்லை. எனவே எந்தப் பிரிவில் படித்தாலும் கதவு மூடப்படுவதில்லை. ஆனால் கலைப்பிரிவில் படித்தவர் பின்னர் புள்ளிவிபரவியலில் தடுமாறுவதையும், உயிரியல் படித்தவர் நீண்ட கட்டுரை எழுதத் தடுமாறுவதையும் ஆண்டுதோறும் காண்கிறேன். உங்கள் குறை எதுவென்று பார்த்து, பெறுபேறு வரும்வரை காத்திருக்கும் மாதங்களில் அதைச் சரிசெய்யுங்கள். ஆங்கிலத்தைச் சொல்லவே தேவையில்லை. முதுநிலைப் பயிற்சியும் ஆய்வும் அதிலேயே நடக்கின்றன. சிங்களத்தைச் சிலர் தள்ளிப்போடுகிறார்கள். கொழும்பு வார்ட் ஒன்றில் பயிற்சி பெறும்போது உங்கள் நோயாளர்களில் பெரும்பான்மையோர் சிங்களத்தில் பேசுவார்கள் என்பதால், அதைப் பேச்சளவிலாவது இப்போதே கற்றுக்கொள்ள வேண்டும்.

இளமாணியைப் பொறுத்தவரை நான்காண்டுச் சிறப்புப் பட்டத்தையே இலக்காக வையுங்கள். கொழும்புப் பல்கலைக்கழகத்துக்கு இசட் புள்ளி போதாமல் தனியார் நிறுவனம் ஒன்றின் வழியாக வெளிநாட்டுப் பட்டம் பெறுவது இன்று பொதுவான வழி, அதில் தவறில்லை. ஆனால் நான்கு விடயங்களை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்: பட்டம் வழங்கும் பல்கலைக்கழகத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா, தனிநபர் ஆய்வுக் கட்டுரை இருக்கிறதா, புள்ளிவிபரவியலும் ஆய்வுமுறையும் எத்தனை பருவங்கள் கற்பிக்கப்படுகின்றன, அந்தப் பட்டத்தின் சொந்த நாட்டில் அதற்கு உளவியல் தொழில் அமைப்பின் அங்கீகாரம் உண்டா. நாலாவது கேள்விக்கு "அந்தப் பல்கலைக்கழகமே அங்கீகரிக்கப்பட்டது" என்று பதில் வந்தால் திரும்பக் கேளுங்கள். பல்கலைக்கழகத்துக்கு இருக்கும் அங்கீகாரம் வேறு, அந்தக் குறிப்பிட்ட கற்கைநெறிக்கு இருக்கும் அங்கீகாரம் வேறு. அதே பல்கலைக்கழகத்தின் உள்நாட்டு வகுப்புக்கு இருப்பது கொழும்பில் நடக்கும் வகுப்புக்கு இல்லாமலும் இருக்கலாம்.

முதல் ஆண்டிலிருந்தே ஒவ்வொரு பாடத்தின் விரிவான பாடத்திட்டத்தையும் ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். பத்து ஆண்டுகள் கழித்து வெளிநாட்டு அமைப்பு ஒன்று உங்கள் தகைமையை மதிப்பிடும்போது பெறுபேற்றுத் தாளை மட்டும் பார்க்காது. எந்தப் பாடத்தில் எதைப் படித்தீர்கள் என்று கேட்கும். அப்போது அந்த நிறுவனம் பெயர் மாறியிருக்கலாம், மூடப்பட்டும் இருக்கலாம்.

4. இளமாணிக்கும் முதுநிலைக்கும் இடையிலான காலம்

மருத்துவ உளவியல் முதுநிலைக்கு இடங்கள் மிகக் குறைவு என்பதால், பட்டம் முடித்தவுடனேயே இடம் கிடைக்காமல் போவது இயல்பு. இந்த ஓரிரண்டு ஆண்டுகளில்தான் பலர் வழி தவறுகிறார்கள்: வருமானத்துக்காகத் தனியாக நோயாளரைப் பார்க்கத் தொடங்குகிறார்கள், அல்லது ஒன்றன்பின் ஒன்றாகச் சான்றிதழ்க் கற்கைகளைச் சேர்க்கிறார்கள். மேற்பார்வை இல்லாமல் பார்த்த நூறு நோயாளர் தேர்வுக் குழுவின் முன் உங்களுக்கு உதவுவதில்லை. பிழையான பழக்கங்கள் ஊறிப்போயிருக்கும் என்று அவர்கள் நினைப்பார்கள். அந்த நினைப்பு பெரும்பாலும் சரியானதே.

பயன் தருபவை வேறு. மருத்துவ பீடம் ஒன்றில் ஆய்வு உதவியாளராகச் சேர்ந்தால், நோயாளரிடம் சம்மதம் பெறுவது, கேள்விக்கொத்தை ஒரே விதமாக வாசிப்பது, நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பம் எழுதுவது ஆகியவற்றை ஆண்டு முழுவதும் பழகலாம். மனத்துயரில் இருப்பவர்கள் பேசுவதைக் கேட்க 1974 முதல் இயங்கிவரும் சுமித்ரயோ போன்ற அமைப்பில் தொண்டராகப் பயிற்சி பெற்றால், அறிவுரை சொல்லாமல் கேட்டுக்கொண்டிருப்பது எவ்வளவு கடினம் என்று புரியும். அதற்கும் வாய்ப்பில்லாதவர், குடும்பத்திலோ அயலிலோ உள்ள ஒருவரோடு சிறுநீரகக் கிளினிக்குக்கு ஒரு நாள் முழுவதும் துணையாகச் சென்று வரட்டும். விடியற்காலையில் இலக்கம் எடுப்பதிலிருந்து மாலையில் மருந்துக் கவுண்டரில் நிற்பது வரை நோயாளரின் ஒரு நாள் எப்படிப் போகிறதென்று அறியாதவர், பின்னர் "ஏன் ஒழுங்காகக் கிளினிக்குக்கு வருவதில்லை?" என்று கேட்கும்போது அது குற்றச்சாட்டாகவே ஒலிக்கும்.

5. முதலில் மருத்துவ உளவியல், பின்னர் சுகாதார உளவியல்

கொழும்புப் பல்கலைக்கழகம் மருத்துவ உளவியலில் முதுதத்துவமாணிப் பட்டம் வழங்குகிறது. உள்வாங்கும் அறிவித்தலைத் தவறவிடாமல் பாருங்கள். அதில் கேட்கப்படும் தகைமை கடந்த முறை கேட்கப்பட்டதே என்று எண்ணிவிடாதீர்கள்.

இந்தக் கட்டத்தில் மாணவர் பலர் "எனக்கு உடல்நோயாளர்களோடுதான் வேலை, மனநல வார்ட் எதற்கு?" என்று கேட்கிறார்கள். அங்கொடையிலுள்ள தேசிய மனநல நிறுவகத்துக்குப் பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்பப் பெற்றோர் தயங்குவதும் உண்டு. அந்த ஊரின் பெயரே இங்கே ஏச்சாகப் பயன்பட்டு வந்திருப்பதை நினைத்தால் அந்தத் தயக்கம் புரிகிறது, ஆனால் அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. காரணத்தை ஓர் எடுத்துக்காட்டால் சொல்கிறேன்.

இடுப்பெலும்புச் சத்திரசிகிச்சை முடிந்து மூன்றாம் நாள், எழுபது வயது ஐயா ஒருவர் பேசாமல், சாப்பிடாமல், சுவரைப் பார்த்தபடி கிடக்கிறார். வார்டிலிருந்து "மனச்சோர்வு, தயவுசெய்து பார்க்கவும்" என்று குறிப்பு வருகிறது. அனுபவமற்றவர் அருகில் அமர்ந்து ஆறுதலாகப் பேசத் தொடங்குவார். பயிற்சி பெற்றவர் முதலில் "ஐயா, ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கிழமைகளைப் பின்னோக்கிச் சொல்லுங்கோ" என்பார். அவர் "ஞாயிறு, சனி..." என்று தொடங்கி இடையில் தொலைந்து, கண் மூடி, மறுபடி விழித்து வேறெதையோ சொன்னால், அது கவனக்குலைவு. மகளிடம் கேட்டால், "முந்தநாள் நல்லாத்தான் கதைச்சவர், நேற்று இரவுதான் இப்படி" என்கிறார். திடீரென்று தொடங்கியது, ஏறி இறங்குகிறது, கவனம் நிற்கவில்லை: இது மனச்சோர்வு அன்று, உடல்நோயால் மூளை திடீரெனக் குழம்பும் சன்னிநிலை (delirium). கிருமித்தொற்றோ, இரத்தத்தில் உப்புக் குறைவோ, வலிமருந்தோ காரணமாக இருக்கலாம். அன்றே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். அமைதியாகக் கிடக்கும் சன்னிநிலை மனச்சோர்வாகவே தோன்றும் என்பதை மனநல வார்டில் இரண்டையும் அருகருகே பார்த்தவருக்கே உடனே பிடிபடும்.

நஞ்சருந்தி வருபவர்களும் முதலில் வந்து சேர்வது மருத்துவ வார்டுக்கே. தற்கொலை முயற்சி இலங்கையில் 1998 முதல் குற்றமன்று. ஆயினும் பொலிசுக்குப் பயந்து "தவறுதலாகக் குடிச்சது" என்று சொல்லும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. ஆபத்தை மதிப்பிடத் தெரியாமல் அந்தக் கட்டிலருகே நிற்கும் உரிமை யாருக்கும் இல்லை.

6. ஒரு நேரத்தில் ஒரு நோயைப் படியுங்கள்

உடலியலைப் பாடப்புத்தகத்தின் முதல் பக்கத்திலிருந்து படித்து முடிக்க நினைப்பவர் பாதியில் நின்றுவிடுவார். ஒரு நாட்பட்ட நோயை எடுத்து மூன்று மாதங்கள் அதிலேயே நில்லுங்கள். நீரிழிவிலிருந்து தொடங்குவது நல்லது. ஏனெனில் எந்த வார்டுக்குப் போனாலும் அது இருக்கும். மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் பரிசோதனை எதைச் சொல்கிறது, சீனி இறங்கும்போது வரும் வியர்வையும் நடுக்கமும் படபடப்பும் பீதித் தாக்கத்தைப் போலவே ஏன் இருக்கின்றன, நோன்பு மாதத்தில் கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் ஒரு முஸ்லிம் தாயார் தன் மருந்து வேளைகளை யாரிடம் கேட்டு மாற்றுகிறார் என்பவற்றைச் சொல்ல முடிந்தால் நீங்கள் அடுத்த நோய்க்குப் போகலாம்.

தைரொயிட் குறைபாடு சோர்வையும் மந்தத்தையும் தரும். ஸ்டீரொய்ட் மருந்து தூக்கத்தையும் மனநிலையையும் குலைக்கும். இரத்தச் சுத்திகரிப்பு வாரத்தில் இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய நான்கு மணித்தியாலம் ஒருவரின் வாழ்வை எடுத்துக்கொள்ளும். இவற்றை அறியாமல் "எதிர்மறை எண்ணங்களை மாற்றுவோம்" என்று தொடங்குவது வீண். நெஞ்சுப் படபடப்பை இதய நோயில்லை என்று வைத்தியர் உறுதிசெய்யும்வரை பீதியென்று பெயரிடாதீர்கள்.

7. அளவுகோல்களைத் தமிழில் பயன்படுத்துதல்

இந்தப் பகுதியைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, ஏனெனில் தமிழ் பேசும் உளவியலாளர் ஒருவர் இந்த நாட்டில் செய்யக்கூடிய தனிப்பட்ட பங்களிப்பு இங்கேதான் இருக்கிறது.

மனச்சோர்வுக்குப் பரவலாகப் பயன்படும் பிஎச்கியூ-9 கேள்விக்கொத்தில் ஒன்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி. மொத்தம் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மேலும் மதிப்பிட வேண்டும் என்பது வழக்கம். இப்போது புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் ஒருவரை நினையுங்கள். தூக்கமின்மைக்கு 3, களைப்புக்கு 3, பசியின்மைக்கு 3, அசைவு மந்தமானதற்கு 2 என்று அவர் சொன்னால் 11 ஆகிவிடுகிறது. மனம் சோர்ந்திருக்கிறதா, எதிலும் நாட்டம் இல்லையா என்ற இரண்டு கேள்விகளுக்கும் அவர் "இல்லை" என்றே சொல்லியிருக்கலாம். மொத்தத்தை மட்டும் கோப்பில் எழுதுபவர் மருந்தின் பக்கவிளைவை மனச்சோர்வாக்கிவிடுவார். ஆகவே ஒவ்வொரு கேள்வியின் புள்ளியையும் தனித்தனியே எழுதுங்கள்.

இந்தச் சிக்கலை மனத்தில் கொண்டு, உடல்நோயாளர்களுக்கென 1983 இல் வெளியானது ஹாட்ஸ் எனப்படும் அளவுகோல். 14 கேள்விகளில் ஏழு பதற்றத்துக்கும் ஏழு சோர்வுக்கும் உரியவை. தூக்கம், பசி போன்ற உடல் அறிகுறிகள் பெரும்பாலும் தவிர்க்கப்பட்டிருக்கின்றன. அதைப் பயன்படுத்த உரிமம் தேவை. பிஎச்கியூ-9 கட்டணமின்றிப் பயன்படுத்தக்கூடியது. உரிமம் பெறாமல் ஹாட்ஸைப் பிரதியெடுத்து ஆய்வு செய்துவிட்டுப் பின்னர் வெளியிட முடியாமல் தவித்த மாணவர்கள் உண்டு.

மொழிபெயர்ப்பு இன்னும் ஆழமான விடயம். ஹாட்ஸின் ஆங்கில மூலத்தில் ஒரு கேள்வி, வயிற்றுக்குள் வண்ணத்துப்பூச்சி பறப்பதுபோன்ற பயத்தைப் பற்றியது. அதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் வட்டுக்கோட்டையிலிருந்து வந்த அம்மாவும் ஹட்டனிலிருந்து வந்த ஐயாவும் உங்களைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். நம்மவர் "அடிவயிறு கலங்குது" என்பார்கள்.

இந்தியாவில் தமிழாக்கப்பட்ட கேள்விக்கொத்துகளை அப்படியே எடுப்பதிலும் கவனம் வேண்டும். பயிற்சிக் காலத்தில் நான் அத்தகைய ஒன்றிலிருந்து, "கடந்த இரண்டு வாரங்களாக வருத்தமாக இருக்கிறீர்களா?" என்று ஒரு யாழ்ப்பாணத்து அம்மாவிடம் வாசித்தேன். அவர் சற்றும் யோசியாமல், "ஓம் பிள்ளை, அதுக்குத்தானே ஆஸ்பத்திரிக்கு வந்தனான்" என்றார். தமிழகத்தில் வருத்தம் என்றால் துயரம்; நமக்கு அது நோய். கேள்வித்தாளில் 3 என்று வட்டமிட என் பேனா இறங்கியிருந்தது. அன்று என் மேற்பார்வையாளர் அருகில் நின்றிருக்காவிட்டால் அந்தப் பிழையை இன்னும் எத்தனை பேரிடம் செய்திருப்பேனோ தெரியாது.

"யோசனை" என்ற சொல்லையும் கவனியுங்கள். "ஒரே யோசனை", "கனக்க யோசிக்கிறன்" என்று ஒருவர் சொல்வது சிந்தனையைப் பற்றிய செய்தியன்று; அது தூக்கத்தைத் தின்னும் கவலை. "தலை விறைக்குது", "உடம்பெல்லாம் உளையுது", "நெஞ்சுக்குள்ள என்னவோ செய்யுது" போன்றவற்றை உங்கள் சொந்தக் குறிப்பேட்டில், சொன்னவரின் ஊர்ப்பக்கத்தோடும் வயதோடும், பெயரில்லாமல், சேர்த்து வாருங்கள். மலையகத் தமிழும் கிழக்கிலங்கைத் தமிழும் கொழும்பு முஸ்லிம்களின் தமிழும் இவற்றை ஒரே சொல்லால் சொல்வதில்லை.

கடைசியாக ஒன்று: பிஎச்கியூ-9 இன் ஒன்பதாவது கேள்வி இறந்துவிடுவதே மேல் என்ற எண்ணத்தைப் பற்றியது. தாளைக் கொடுத்துவிட்டு வேறு வேலைக்குப் போகாதீர்கள். அந்தக் கேள்விக்கு 0 அல்லாத எந்த விடை வந்தாலும், நோயாளர் இடத்தை விட்டு எழும்புமுன் அவரோடு பேச வேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தைச் சொல்லி அனுப்புவது நல்லதே. உங்கள் உரையாடலுக்குப் பதிலாக அதைச் சொல்லி அனுப்புவது பிழை.

8. வார்டில் நுழையும் ஒழுங்கு

கொழும்பு தேசிய வைத்தியசாலையிலோ மகரகமவில் உள்ள அபேக்ஷா வைத்தியசாலையிலோ பயிற்சி கிடைத்தால், நோயாளரிடம் நேரே போகாதீர்கள். முதலில் வார்ட் சிஸ்டரிடம் உங்களை அறிமுகப்படுத்துங்கள். இரவு யார் அழுதார், யாரைப் பார்க்க ஒருவரும் வருவதில்லை என்பதெல்லாம் அவருக்கே தெரியும். அடுத்து கட்டில் தலைமாட்டுப் பதிவை, வார்டில் எல்லோரும் பிஎச்டி (BHT) என்று சொல்வதை, முழுவதும் வாசியுங்கள். இரண்டு நாளாகப் புதிய மருந்து தொடங்கியிருப்பதை அறியாமல் ஒருவரின் பதற்றத்துக்குப் பால்யகாலத்தில் காரணம் தேடியவரைப் பார்த்திருக்கிறேன்.

பிறகே நோயாளர். உட்கார இருக்கை தேடி, அவர் கண்மட்டத்துக்கு வாருங்கள். நின்றபடி பேசுபவர் அடுத்த நிமிடம் போய்விடுவார் என்று நோயாளர் நினைப்பார். உறவினரை மொழிபெயர்ப்பாளராக வைக்காதீர்கள். மனைவி மொழிபெயர்க்கும்போது கணவர் தன் பயத்தைச் சொல்வதில்லை. சொன்னாலும் அது உங்களிடம் வந்து சேர்வதில்லை.

புற்றுநோய் வார்டில் தமிழ்க் குடும்பங்கள் உங்களைத் தாழ்வாரத்தில் மறித்து, "அப்பாவுக்கு என்ன வருத்தமெண்டு சொல்லிப்போடாதீங்கோ மிஸ்" என்பார்கள். இதில் புதியவர்கள் இரண்டு விதமாகச் சறுக்குகிறார்கள்: ஒருவர் உடனே ஒப்புக்கொள்கிறார், மற்றவர் நோயாளரின் உரிமையைப் பற்றி விரிவுரை செய்கிறார். நோயை அறிவிப்பது சிகிச்சையளிக்கும் வைத்தியரின் பொறுப்பு. உங்கள் வேலை, நோயாளருக்கு ஏற்கெனவே என்ன தெரியும், எவ்வளவு தெரிய விரும்புகிறார் என்று கண்டறிவது. "டொக்டர்மார் உங்களுக்கு என்ன சொல்லியிருக்கினம்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். மகரகமவுக்கு 138 ஆம் இலக்க பஸ்ஸில் வந்து இறங்கிய ஒருவருக்கு, அது எந்த வைத்தியசாலை என்பது பெரும்பாலும் தெரிந்தே இருக்கும். குடும்பத்தைக் காப்பாற்ற அவர் தெரியாதவராக நடிக்கிறார், அவரைக் காப்பாற்ற குடும்பம் நடிக்கிறது. அந்த இரண்டு மௌனங்களுக்கு நடுவில் மெதுவாக வேலை செய்வதற்குப் பொறுமை வேண்டும், வைத்தியரோடு முன்கூட்டிய பேச்சும் வேண்டும்.

9. பயிற்சி மணித்தியாலங்களைப் பதிதல்

ஒவ்வொரு வார இறுதியிலும் பதிவேட்டை நிரப்புங்கள்: எந்தப் பிரிவு, நேரடியாக நோயாளருடன் எத்தனை மணித்தியாலம், மேற்பார்வையில் எத்தனை, எந்த மதிப்பீட்டுக் கருவி, எந்தச் சிகிச்சை முறை, மேற்பார்வையாளரின் கையொப்பம். பருவ முடிவில் நினைவிலிருந்து நிரப்புபவரின் கணக்கு எப்போதும் பிழைக்கும். அதற்குள் மேற்பார்வையாளர் இடமாற்றம் பெற்றோ வெளிநாடு சென்றோ இருப்பார். நோயாளரின் பெயரை அதில் எழுதக் கூடாது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் காலத்தில், நோயாளர் விபரத்தைத் தொலைபேசிக் குழுவில் போட்டு ஆலோசனை கேட்கும் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும்.

மேற்பார்வைக்குச் செல்லும்போது நன்றாக முடிந்த உரையாடலைக் கொண்டு போகாதீர்கள். எங்கே வார்த்தை தடுமாறியது, யாரிடம் எரிச்சல் வந்தது, யாரைப் பார்க்கப் போகாமல் தள்ளிப்போட்டீர்கள் என்பதைக் கொண்டு போங்கள்.

10. பதிவும் வேலையும்

உயர்தரம் முடித்த நாளிலிருந்து கணக்கிட்டால், எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் ஏழெட்டு ஆண்டுகள் ஆகும். இதைக் குடும்பத்தோடு முன்கூட்டியே பேசுங்கள், குறிப்பாகப் பெண்பிள்ளைகளிடம் மூன்றாம் ஆண்டிலேயே "இன்னும் எவ்வளவு காலம்?" என்ற கேள்வி தொடங்கிவிடும்.

அரச வைத்தியசாலைகளில் மருத்துவ உளவியலாளருக்கான பதவிகள் குறைவு. பலர் பல்கலைக்கழக விரிவுரை, தனியார் வைத்தியசாலையில் வாரத்தில் சில மாலைகள், அரச சார்பற்ற நிறுவனத் திட்டம் என மூன்றை இணைத்தே வருமானத்தைச் சமன் செய்கிறார்கள். மூன்றில் ஒன்றாவது உடல்நோயாளர் பிரிவாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். முழுநேரமும் பொதுவான ஆலோசனைக்குப் போய்விட்டால் சுகாதார உளவியல் கைவிட்டுப் போகும்.

பிரிவொன்றில் இடம் பிடிக்கச் சிறந்த வழி, ஒரே கிளினிக்குக்கு ஒரே கிழமையில், ஒரே நேரத்தில் தவறாமல் போவதுதான். "தேவைப்பட்டால் கூப்பிடுங்கள்" என்று தொலைபேசி இலக்கம் கொடுத்தவரை ஒருவரும் கூப்பிடுவதில்லை. வியாழக்கிழமை காலை அங்கே இருப்பவரிடம் வைத்தியர் கைகாட்டி அனுப்புவார்.

அனுப்பிய ஒவ்வொருவருக்கும் பதில் கடிதம் எழுதுங்கள். நான்கு வரிகள் போதும்: என்ன கண்டேன், எது ஆபத்து, என்ன செய்யப் போகிறேன், உங்களிடம் எதிர்பார்ப்பது என்ன. மூன்று பக்கம் எழுதினால் நெரிசலான கிளினிக்கில் எவரும் வாசிக்கமாட்டார்கள். கடிதத்தின் பிரதியொன்று நோயாளரின் கிளினிக் கொப்பியில் ஒட்டப்படும். அந்தக் கொப்பி வீட்டில் மேசையில் கிடக்கும். மாமியாரும் வாசிப்பார், உயர்தரம் படிக்கும் மகனும் வாசிப்பான். ஆகவே அவர் உங்களிடம் மட்டும் சொன்னதை அந்த நான்கு வரிகளுக்குள் கொண்டுவராதீர்கள், எழுதி முடித்ததும் அதை அவருக்கே வாசித்துக் காட்டி, "இது கொப்பியில் இருந்தால் உங்களுக்குப் பரவாயில்லையா?" என்று கேட்ட பின்னர் கையொப்பமிடுங்கள்.